சாவி யார் கையில்?

இராஜாக்கமங்கலம் வட்டாரத்துப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவினர்க்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தார்க்கும், கடல் கடந்து போயும் ஊரை மறவாத பழைய மாணவர்களுக்கும்,



பள்ளிக்கூட வளாகத்தில் வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கென்று ஓர் உடற்பயிற்சி நிலையம் வேண்டும் என்னும் எண்ணம் உங்களில் பலருடைய உள்ளத்தில் எழுந்து, கோயில் நடையிலும் கல்யாணப் பந்தியிலும் விடுமுறைக்கு வருகிறவர்கள் கூடும் திண்ணைகளிலும் அதுவே பேச்சாகி வருவதைக் கேட்டு நான் அடைந்த சந்தோஷம் கொஞ்சமன்று. ஆயினும் அந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும், டிரெட்மில் எத்தனை, டம்பெல் எத்தனை ஜோடி, கண்ணாடி எந்தச் சுவரில், திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்ற நான்கு கேள்விகளிலேயே கடைசியில் போய் முட்டி நிற்பதைக் காணும்போது, வாயை மூடிக்கொண்டிருப்பது பாவம் என்று தோன்றியதால் இம்மடலை எழுதத் துணிந்தேன். இந்தக் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் பாடம் சொன்னவன் என்பதைத் தவிர எனக்கு இவ்விஷயத்தில் வேறு அதிகாரம் கிடையாது.

உங்களுக்குள்ளேயே இந்த நிலையத்தை எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். “எங்க பாட்டா எந்த ஜிம்முக்குப் போனாரு? தொண்ணூறு வயசுவரை கம்பு ஊணாம நடக்கலியா?” என்று அவர்கள் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. அதன் மறுபாதியையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுகிறேன். பாளை அரிவாளை இடுப்பில் கட்டிக்கொண்டு, முருக்குத்தடியைச் சாய்த்து, நாளொன்றுக்கு முப்பதும் நாற்பதும் பனை ஏறி இறங்கியவர் அந்தப் பாட்டா. துறையில் கரைமடி வளைத்து, முழங்கால் மணலில் புதைய, முதுகை வடத்துக்குக் கொடுத்துப் பின்னோக்கி இழுத்தவர் வேறொரு பாட்டா. ஈத்தாமொழிப் பக்கத்துத் தென்னந்தோப்பு நிழலில், ராட்டின் முனையில் நாரைக் கொடுத்துவிட்டுப் பின்னோக்கி நடந்து நடந்தே கயிறு திரித்த பாட்டிமார் நாள் முழுவதும் எத்தனை மைல் நடந்தார்கள் என்று எவரும் கணக்குப் பார்த்ததில்லை. அவர்களுக்குத் தேகாப்பியாசம் என்று தனியாக ஒன்று தேவைப்படாமைக்குக் காரணம், அவர்களுடைய ஜீவனமே தேகாப்பியாசமாக இருந்ததுதான். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளை பஸ்ஸில் பள்ளிக்குப் போய், ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து டியூஷனுக்குப் போய், இரவில் கைப்பேசியின் வெளிச்சத்தில் படுக்கிறான். ஆனால் பாட்டாவின் இலையில் விழுந்த சம்பாச் சோறும் மரச்சீனிக் கிழங்கும் அளவு குறையாமல் இவன் தட்டிலும் விழுகின்றன, கூடவே புரோட்டாவும் வந்து சேர்ந்துகொண்டது. உழைப்பு போய்விட, உழைத்தவனுடைய ஆகாரம் மட்டும் தங்கிவிட்ட வீடுகளாக நம் வீடுகள் ஆகிவிட்டன.

இது நம் ஊர்ப் பிள்ளைகளை மட்டும் குறித்த புகார் என்று எண்ணிவிடாதீர்கள். 11 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேர் போதிய அளவு உடல் அசைவில்லாமல் இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தார் 146 நாடுகளின் கணக்கை ஆராய்ந்து 2019 இல் வெளியிட்டார்கள். அதிலும் பையன்களைவிடப் பெண் பிள்ளைகளின் நிலை மோசம். நாளொன்றுக்குச் சராசரி அறுபது நிமிஷமாவது மூச்சு வாங்கும்படியான அசைவும், வாரத்தில் மூன்று நாளாவது எலும்பையும் தசையையும் பலப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்பது அவர்கள் 2020 இல் வகுத்த அளவு. அறுபது நிமிஷம் என்றால் ஒரு பாடவேளையும் கொஞ்சமும். நம் பாட அட்டவணையில் உடற்பயிற்சிக்கென்று ஒரு பாடவேளை இல்லாமலில்லை, இருக்கிறது. காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது கணக்காசிரியர் அதைக் கடன் வாங்குகிறார், அரையாண்டு நெருங்கும்போது அறிவியலாசிரியர் வாங்குகிறார், பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாலோ அது கடனாகக்கூட இருப்பதில்லை, நிரந்தரக் கிரயமாகிவிடுகிறது. நானும் அப்படிக் கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவர்களில் ஒருவன் என்பதை வெட்கத்துடன் இங்கே எழுதுகிறேன். அன்று ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சூத்திரங்களை ஒப்பித்த முகங்கள் சில இன்னும் என் நினைவை விட்டு அகலவில்லை.

ஆகவே நிலையம் வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் பேதமில்லை. எதை முதலில் வைப்பது என்பதில்தான் பேதம். இதை விளக்க என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களுக்குப் பதினாறு வயதிருக்கும். தேகபலத்தின்மேல் ஆசை, கையில் காசில்லை. காலியான பெயின்ட் டின்கள் இரண்டை எடுத்து, கட்டட வேலை நடந்த இடத்தில் மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கிய சிமெண்டைக் குழைத்து ஊற்றி, நடுவே ஒரு பழைய குழாயைச் செருகி, பளு தூக்கும் கம்பி என்று அதற்குப் பெயரும் வைத்தோம். எவ்வளவு எடை என்று எங்களில் எவனுக்கும் தெரியாது. இரண்டு டின்னும் ஒரே எடையில்லை என்பது மட்டும் தூக்கியபோது தெரிந்தது. ஒருவனுக்கொருவன் பந்தயம். என் சிநேகிதன் ஒருவன், முதுகை வில்லாக வளைத்து, மூச்சை அடக்கி, ஒரே வெட்டில் அதைத் தலைக்குமேல் கொண்டுபோக முயன்றான். பாதிவழியில் ‘அம்மா’ என்று ஒரு சத்தம். பிறகு மூன்று மாதம் எண்ணெயும் தடவலும் கட்டுமாகக் கிடந்தான். இன்றைக்கும் ஆடி மாதத்துச் சாரல் காற்று அடித்தால் அவன் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறான். அந்தச் சிமெண்டு டின்னை நான் குற்றம் சொல்லவில்லை. கடையில் வாங்கிய பளபளப்பான கம்பியாக இருந்திருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். பக்கத்தில் நின்று, “மக்ளே, முதுகை நிமித்து, முட்டியை மடக்கு, பாதி எடையை இறக்கு” என்று சொல்ல ஓர் ஆள் இல்லை, குறை அதுதான்.

பளு தூக்கினால் பிள்ளைகள் குள்ளமாகிப் போவார்கள் என்று உங்களில் தாய்மார்கள் பலர் அஞ்சுவதை அறிவேன். முறையாகக் கற்றுக்கொடுத்து, கண்காணித்து, சிறு எடையைப் பலமுறை தூக்கச் செய்யும் பயிற்சியால் வளர்ச்சிக்குப் பங்கமில்லை என்பதைக் குழந்தை வைத்தியர்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். காயங்கள் பெரும்பாலும் நேர்வது துணையில்லாத இடத்தில், பந்தயத்தில், தாங்காத எடையில். ஆபத்தின் வேர் இரும்பில் இல்லை; அதன் பக்கத்தில் ஆள் நிற்கிறானா என்பதில் இருக்கிறது.

ஆளை விட்டுப் பொருளை முதலில் வைப்பது நம் மாநிலத்தில் பரீட்சித்துப் பார்க்கப்படாத விஷயமுமல்ல. 2016 இல் ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது, கிராமங்களில் 500 உடற்பயிற்சிக் கூடங்கள், ஒவ்வொன்றும் 10 இலட்ச ரூபாயில், நிறுவப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நல்ல நோக்கந்தான். ஆனால் கட்டடம் எழும்பி, கருவிகள் வந்து இறங்கி, நாடா வெட்டிய பிறகு, பூட்டுத் தொங்கும் கதவுகளையும் துருவேறிய கருவிகளையும் பல ஊர்களில் நாளிதழ்கள் படமெடுத்துப் போட்டதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2024 இல் ஊராட்சிகளுக்கெல்லாம் விளையாட்டு உபகரணத் தொகுப்புகள் வந்தன. மட்டையும் பந்தும் பிள்ளைகள் கைக்கு எத்தனை வந்தன, அலுவலக அலமாரியில் எத்தனை தங்கின என்பதை அந்தந்த ஊரார் தங்கள் ஊராட்சியில் போய்க் கேட்டுப் பார்க்கட்டும். எந்த ஆட்சியையும் பழிக்க இதைச் சொல்லவில்லை. பொருள் கொடுப்பது சர்க்காருக்குச் சுலபம். ஆள் கொடுப்பது எந்தச் சர்க்காருக்கும் கஷ்டம். ஆனால் நீங்கள் சர்க்கார் அல்லவே. அந்தப் பத்து இலட்சத்தை மாதம் பதினைந்தாயிரமாக ஒரு பயிற்சியாளருக்குக் கொடுத்தால் ஐந்தரை ஆண்டுக்கு வரும். ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்த ஒரு குழந்தை பதினொன்றாம் வகுப்பின் பாதிவரை அவர் கண்பார்வையில் வளர்ந்துவிடும்.

ஆளை முதலில் வைத்த இடத்தில் என்ன விளைந்தது என்பதற்கு வேலூரை அடுத்த சத்துவாச்சாரியைப் பாருங்கள். அங்கே பிறந்த சதீஷ் சிவலிங்கம் 2014 இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ எடைப்பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018 இல் கோல்டு கோஸ்டில் 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம். அவருடைய தந்தை இராணுவத்தில் பணிபுரிந்தவர், தாமும் பளு தூக்கியவர். தெரிந்த ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு தெருவிலிருந்து வந்த பதக்கம் அது. சென்னையில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920 இல் வொய்.எம்.சி.ஏ. சார்பில் தொடங்கியதும், உடற்பயிற்சி ஆசிரியர்களை உண்டாக்கும் கல்லூரியைத்தான். வாலிபர்களைப் பலசாலிகளாக்க விரும்பியவர், முதலில் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவர்களை உண்டாக்க முனைந்தார்.

அத்தனை தூரம் போவானேன்? நம்முடைய களரி என்ன? படிப்புச் சொல்லிக் கொடுக்கும் இடத்தையே எழுத்துக்களரி என்று அழைத்த தேசம் இந்தத் தென் திருவிதாங்கூர். அடிமுறையும் கம்பு வீச்சும் கற்க விரும்பிய பையன், களரி எவ்வளவு பெரியது, அங்கே எத்தனை ஆயுதங்கள் உள்ளன என்று விசாரித்ததில்லை; ஆசான் யார் என்றுதான் விசாரித்தான். சுவடு வைக்கத் தெரியாத காலுக்குக் கம்பு கொடுக்கப்படவில்லை. அடிக்க வேண்டிய வர்மத்தை அறிந்த ஆசானே அடிபட்டவனைத் தடவி எழுப்பவும் அறிந்திருந்தான். ஆகவே பிள்ளையைப் பெற்றவள் நிம்மதியாக உறங்கினாள். அந்த ஆசான்மாரின் வழியில் வந்தவர்கள் இன்னும் நம் மாவட்டத்தில் இல்லாமற் போகவில்லை. சிலம்பத்துக்கு 2021 முதல் அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடமும் கிடைத்திருக்கிறது. பள்ளி நிலையத்தில் ஒரு மூலையை இரும்புக்குக் கொடுக்கிற நீங்கள், மண்தரை ஒன்றைச் சுவடுக்குக் கொடுத்தால் என்ன?

இனிப் பெண் பிள்ளைகளைப் பற்றி. இங்கேதான் உங்களோடு எனக்கு உண்மையான மனத்தாங்கல்.

ஏழாம் வகுப்புவரை பையன்களோடு சமமாக ஓடிய பெண், எட்டாம் வகுப்பில் ஒரு நாள் மைதானத்தின் ஓரத்து வேப்பமர நிழலில் போய் உட்காருகிறாள், பிறகு எழுந்திருப்பதேயில்லை. அவளை உட்காரச் சொன்னது யார் என்று கேட்டால் எல்லாரும் கையை விரிக்கிறீர்கள். தாய் சொல்லவில்லை, ஆசிரியை சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. ஆனால் அவள் உட்கார்ந்துவிட்டாள். பெண்ணின் எலும்பு உறுதியில் பத்தில் ஒன்பது பங்கு பதினெட்டு வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது என்று வைத்தியம் சொல்லுகிறது. அந்த இருப்பைச் சேர்க்க வேண்டிய ஆண்டுகளையே நாம் நிழலில் உட்கார்த்தி வைத்துக் கழித்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் அவள் முட்டுவலி என்று நாகர்கோவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும்போது விதியை நொந்துகொள்கிறோம். 2019–21 இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. ஆகையால் கையால் இரும்பைத் தூக்கச் சொல்லும் முன் இரத்தத்தில் இரும்பு இருக்கிறதா என்று பார்ப்பது நிலையத்தின் முதல் நாள் வேலையாக இருக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்தால் அது ஒரு முற்பகல் காரியம்.

பெண்களுக்கென்று தனி நேரம், கதவுக்கு உட்புறம் தாழ்ப்பாள், உடை மாற்ற ஓர் அறை, அருகிலேயே தண்ணீர் வரும் கழிப்பறை, பயிற்சி தர ஒரு பெண். இவை இல்லாமல் திறக்கப்படும் நிலையம் ஊர்ப் பையன்களின் சங்கமாகிவிடும். “பொண்ணுங்க வரமாட்டாங்க சார்” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். வருவதற்கு நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். மேலாண்மைக் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே விதித்திருக்கிறது. தாய்மார்களே, கையெழுத்துப் போட மட்டும் அந்த நாற்காலியில் உட்காராதீர்கள். உங்கள் மகளுடைய நேரத்தை அட்டவணையில் எழுதிக் காட்டும்வரை எழுந்திருக்காதீர்கள்.

பருத்த பிள்ளைகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை அவசியம். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1992 இல் ஓர் உடற்பயிற்சித் திட்டம் கொண்டுவந்து, எடை மிகுந்த பிள்ளைகளைப் பிரித்தெடுத்து, மற்றவர்கள் பார்க்க ஓடவிட்டார்கள். பருமனான பிள்ளைகளின் விகிதம் நூற்றுக்கு 14 இலிருந்து பத்துக்கும் கீழே இறங்கியது உண்மை. ஆனால் திட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைத் திருப்பிப் படித்தால் ‘குண்டு’ என்று பொருள் வந்ததையும், மற்றப் பிள்ளைகள் அதைச் சொல்லியே கேலி செய்ததையும், அந்த அவமானத்தை வளர்ந்த பிறகும் சுமந்தவர்கள் இருந்ததையும் கண்டு, 2007 இல் அதைக் கைவிட்டார்கள். அவ்வளவு ஒழுங்கான தேசத்துக்கே நேர்ந்த பிழை இது. பட்டப்பெயர் வைப்பதில் நிகரற்ற நம் ஊரில் என்ன நேரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. எடை பார்க்கும் கருவி ஒன்று இருக்கட்டும். அது தனியறையில் இருக்கட்டும். அதில் தெரியும் எண் பிள்ளைக்கும் பயிற்சியாளருக்கும் மட்டும் தெரியட்டும்.

பொருள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். நம்முடைய உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே பத்து வருஷத்தில் தின்றுவிடும். மின்சாரத்தில் ஓடும் நடைப்பொறியை அது எத்தனை நாள் விட்டு வைக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். தொங்குவதற்கு உயரமான ஒரு குறுக்குக் கம்பி, விரிக்க நல்ல பாய்கள், சில சிறு எடைகள், உத்தரத்திலிருந்து தொங்கவிட ஒரு தடித்த கயிற்று வடம். தொடக்கத்துக்கு இவை தாராளம். கயிற்றுக்கு நாம் வேறெங்கும் போக வேண்டாம். இந்தக் கடற்கரைக் கயிற்றுக்கு ஒரு வினோதமான கியாதி உண்டு: இங்கிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்துதான் ஷோம்பர்க் என்பவர் 1909 இல் மணவாளக்குறிச்சிக் கரையில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மணலைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று: மணல்மூட்டை தைத்துத் தூக்கச் சொல்லப் போகிறீர்களானால், பக்கத்தில் கிடக்கிறதென்று அந்தக் கருமணலை அள்ளி நிரப்பிவிடாதீர்கள், கதிர்வீச்சுள்ள மணல் அது.

பெருநகரத்து நிலையங்களின் வாசலில் டப்பா டப்பாவாக விற்கும் புரதப்பொடி நம் பள்ளி வாசலுக்கு வந்துவிடக்கூடாது என்பதிலும் உறுதியாயிருங்கள். தசை சீக்கிரம் ஏறும் என்று ஊசியையும் மாத்திரையையும் காட்டுகிறவனைக் கண்டால் போலீசுக்குச் சொல்லுங்கள். துறையில் சாளை மலிந்து கிடக்கிற ஊரில், சத்துணவில் தினம் ஒரு முட்டை போடுகிற மாநிலத்தில், பயறும் கடலையும் விளைகிற தேசத்தில், பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பொடி எதற்கு?

என்னுடைய விண்ணப்பம் இதுதான். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கருவிகளின் விலைப்பட்டியலை எடுப்பதற்கு முன்பு, தீர்மானப் புத்தகத்தின் புதுப்பக்கத்தில் மூன்று வரிகளை எழுதச் செய்யுங்கள். முதலாவது, உடற்பயிற்சிக் கல்வி முறையாகக் கற்று, முன்பின் நன்றாக விசாரிக்கப்பட்ட பயிற்சியாளர் இருவர், ஓர் ஆண், ஒரு பெண், மாலை இரண்டு மணி நேரத்துக்கு; அவர்களுடைய ஊதியத்துக்கு மூன்று ஆண்டுப் பணம் வங்கியில் போட்ட பின்னரே கட்டடம். இரண்டாவது, வாரத்தில் பாதி நாள் பெண் பிள்ளைகளுக்கு. எந்த நாள் என்பதை அவர்களே சொல்லட்டும். மூன்றாவது, உடற்பயிற்சிப் பாடவேளையை எந்தப் பாடத்துக்கும் எந்த மாதத்திலும் கடன் கொடுப்பதில்லை என்று தலைமையாசிரியர் கையெழுத்திட்ட ஒரு வரி. பழைய மாணவர்களே, குளிரூட்டும் கருவியும் பெயர்ப்பலகையும் அனுப்ப எண்ணியவர்கள் அதே பணத்தை ஊதியக் கணக்கில் போடுங்கள். பலகையில் உங்கள் பெயர் இராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்தின் அடியில், நிலையத்தின் சாவி யார் கையில் இருக்கும், அவர் வராத நாளில் யார் கையில் இருக்கும் என்று இரண்டு பெயர்களும் எழுதப்பட்டுவிட்டால், எனக்கு ஒரு தகவல் அனுப்புங்கள். கயிற்று வடத்துக்கு ஆகும் செலவு என் ஓய்வூதியத்திலிருந்து. ஈத்தாமொழிக்கு நானே போய் முறுக்கேற்றிப் பார்த்து வாங்கி வருகிறேன்.

உங்கள் அன்புக்குரிய,
ஓய்வுபெற்ற கணக்காசிரியன் ஒருவன்